ருத்திராட்சப் பூனையின் பூர்வோத்தரம்

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தோம். அர்ஜுனன் தபசுப் பாறையின் முன் எல்லோரும் யானையைப் பார்த்துக்கொண்டிருக்கையில், பக்கத்திலிருந்த குழந்தை ஒன்று, "அம்மா, பூனை சாமி கும்பிடுகிறது!" என்று கூவிற்று.

யானையின் தந்தங்களுக்குக் கீழே, பின்கால்களில் நிமிர்ந்து, முன்கால்களைத் தலைக்குமேல் தூக்கி நிற்கிறது அப்பூனை. சுற்றிலும் எலிகள். நடுப்பிளவுக்கு அப்பால், மேலே, எலும்பு தெரிய ஒற்றைக் காலில் நிற்கும் தபசியும் இவ்விதமே கைகளை உயர்த்தியிருக்கிறார். அவர் அர்ஜுனனல்ல, கங்கையைக் கொணர்ந்த பகீரதனே என்று விக்டர் கொலுபேவ் என்ற அறிஞர் 1914-இல் தொடுத்த வழக்கு இன்னும் தீரவில்லை. அவர் யாராயினும், பூனை அவரைப் பார்த்துத்தான் நடிக்கிறது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

இந்தப் பரிகாசம் எங்கிருந்து வந்தது? மகாபாரதத்து உத்தியோக பர்வத்திலே, சகுனியின் மகன் உலூகனைத் தூதனுப்பும் துரியோதனன், தருமபுத்திரரிடம் ஒரு கதை சொல்லச் சொல்கிறான். கங்கைக் கரையில் ஒரு பூனை கைகளை உயர்த்தித் தவம் செய்ததாம். நம்பி அடைக்கலம் புகுந்த எலிகள் நாளுக்கு நாள் குறைந்தன. பூனையோ நாளுக்கு நாள் பருத்தது. தருமரும் அத்தகைய பூனையே என்பது தூதின் சாரம். சொல்லி அனுப்புகிறவன் துரியோதனன் என்பதை நேயர்கள் மறக்கலாகாது!

பௌத்த ஜாதகத்திலும் இக்கதை உண்டு. அங்கே பெயர் பூனை ஜாதகம். வேஷம் போடுவதோ நரி. நான்கு கால்களையும் ஊன்றினால் பூமி தாங்காதென்று ஒற்றைக் காலில் நிற்கிறதாம். காற்றே ஆகாரமாதலால் வாயைத் திறந்து வைத்திருக்கிறதாம். ஆதியில் நடித்தது பூனைதான் என்பதைத் தலைப்பே காட்டிக்கொடுத்து விடுகிறது.

கங்கைக் கரையிலே தவம் செய்ததால் பூனை பகீரதன் கட்சிக்குச் சாட்சி. பாரதக் கதையிலே வருவதால் அர்ஜுனன் கட்சிக்கும் சாட்சி. இரு தரப்பிலும் படி வாங்கும் சாட்சிகளை நாம் கோர்ட்டுகளிலும் கண்டதுண்டு.

புனிதமான காட்சியில் சிற்பி கேலி செய்வானா, தவத்தின் மகிமையால் பூனையும் எலியும் பகை மறந்தன என்பதே பொருள் என்று சொல்லும் அன்பர்களும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. இப்பாறை 7-ஆம் நூற்றாண்டில் மாமல்லன் காலத்தது என்பது பலர் கொள்கை. அவன் தந்தை மகேந்திரவர்மன் 'மத்தவிலாசப் பிரகசனம்' இயற்றியவன். காணாமற்போன கபாலத்துக்காகக் காபாலிகனையும் பௌத்த பிக்ஷுவையும் காஞ்சி வீதியில் சண்டையிட வைத்தவன். கபாலத்தைக் கவ்விச் சென்றதோ ஒரு நாய்! அந்த வீட்டுப் பிள்ளையின் ஆட்சியில், ஒரு பூனையைச் செதுக்கச் சிற்பி அஞ்சியிருப்பானா?

தபசியின் அருகே சிவபெருமான் வரம் அருளி நிற்கிறார். பூனைக்கு வேண்டிய வரம் காலடியிலேயே இருக்கிறது. நாம் புறப்படும்போது அந்தக் குழந்தை இன்னும் எலிகளை எண்ணிக்கொண்டிருந்தது.