மீட்டரை மாற்றுங்கள், முள்ளை மறைக்காதீர்கள்!

மொட்டை மாடியில் சோலார் தகடு போட ஆசைப்படுகிறவர்கள் மூன்று கேள்வி கேட்கிறார்கள்.

"எத்தனை கிலோவாட் போடலாம்? என்ன செலவாகும்? மானியம் எவ்வளவு வரும்?"

நல்ல கேள்விகள்தான். ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது.

"என் வீட்டு வாசலில் இருக்கிற மீட்டர் எந்த மீட்டர்?"

வெயிலைக் கரண்டாக்குவது மாடியில் இருக்கிற தகடு. அந்தக் கரண்டைக் காசாக்குவது வாசலில் இருக்கிற மீட்டர். தகடு எவ்வளவு உழைத்தாலும், கீழே கணக்கு எழுதுகிற மீட்டர் ஒழுங்காக இல்லாவிட்டால் உழைத்ததெல்லாம் வீண்!

மத்திய அரசு 2024 பிப்ரவரியில் "சூரிய வீடு" திட்டத்தை அறிவித்தது. ஒரு கோடி வீடுகள் இலக்கு. 1 கிலோவாட்டுக்கு 30 ஆயிரம் ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60 ஆயிரம், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78 ஆயிரம் என்று மானியம். இன்னொரு பக்கம் நாடு முழுவதும் ஸ்மார்ட் மீட்டர் மாட்டும் வேலை. இரண்டும் ஒரே வீட்டு வாசலில் வந்து நிற்கின்றன. சாதாரண ஜனங்கள் திகைத்துப் போயிருக்கிறார்கள்.

"பழைய மீட்டரே நல்லா ஓடுச்சே, அதை ஏன் கழட்டுறாங்க?" என்கிறார் ஒருவர். "ஸ்மார்ட் மீட்டர் வந்தா பில்லு எகிறிடுமாமே!" என்கிறார் இன்னொருவர்.

இதில் எது உண்மை? எது புரளி?

சுற்றும் தட்டு

கண்ணாடிக்குள் ஒரு அலுமினியத் தட்டு மெல்லச் சுற்றுமே, அந்தப் பழைய மீட்டரை நாற்பது வயது தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தட்டின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு. இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் தட்டு விர்ரென்று சுற்றும். எல்லாவற்றையும் அணைத்தால் நின்றுவிடும். எத்தனை சுற்றுக்கு ஒரு யூனிட் என்று முகப்பிலேயே எழுதியிருக்கும். படிக்காத பாட்டி கூட, "யாருடா உள்ளே ஹீட்டரைப் போட்டது? மீட்டர் ஓடுது பாரு!" என்று கண்டுபிடித்துவிடுவார்.

இந்தத் தட்டுக்கு ஒரு வேடிக்கையான குணம் உண்டு. வீட்டில் இருந்து கரண்ட் வெளியே போனால், தட்டு பின்னோக்கிச் சுற்றும்! சோலார் போட்ட வீட்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பகலில் தட்டு பின்னால் ஓடும். ராத்திரி முன்னால் ஓடும். கணக்கு தானாக நேராகிவிடும்.

ஆனால் இதே குணத்தை வைத்துத் திருட்டு வேலை செய்தவர்களும் உண்டு. அதனால் பின்னோக்கிச் சுற்றாதபடி தடுப்புப் பல் வைத்த மீட்டர்கள் வந்தன. அப்புறம் தட்டே இல்லாத எலெக்ட்ரானிக் மீட்டர்கள் வந்தன. இப்போது பெரும்பாலான வீடுகளில் இருப்பது, சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்று துடிக்கிற இந்த மீட்டர்தான்.

கொடுத்ததும் கடன்!

வாசகர்கள் இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும்.

கம்பியை மாற்றிப் போட்டு ஏமாற்றுவதைத் தடுக்க, சாதாரண எலெக்ட்ரானிக் மீட்டரில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. கரண்ட் எந்தப் பக்கம் போனாலும் அது முன்னோக்கியே எண்ணும். உள்ளே வந்ததையும் எண்ணும்; வெளியே போனதையும் வந்ததாகவே எண்ணும்!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

3 கிலோவாட் தகடு நல்ல வெயில் நாளில் சுமார் 12 யூனிட் தரும். பகலில் வீட்டில் ஆள் இல்லை. பிரிட்ஜ், மின்விசிறி என்று 4 யூனிட் செலவு. மிச்சம் 8 யூனிட் தெருக் கம்பிக்குப் போகிறது. ராத்திரி ஏ.சி., விளக்கு, டி.வி. என்று 8 யூனிட் கம்பியில் இருந்து வருகிறது. கொடுத்தது 8, வாங்கியது 8. கணக்கு நேர்.

பழைய தட்டு மீட்டர் இதைப் பூஜ்யம் என்று காட்டும். வரவையும் செலவையும் தனித்தனியாக எழுதுகிற இருவழி மீட்டரும் இதைச் சரியாகக் காட்டும். ஆனால் சாதாரண ஒருவழி எலெக்ட்ரானிக் மீட்டர் என்ன காட்டும்? 16 யூனிட்!

அண்ணாச்சி கடையில் வாங்கின 8 தேங்காயைத் திருப்பிக் கொடுத்தால், அவர் அதையும் கடன் நோட்டில் சேர்த்து எழுதினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இது!

"இ.பி.க்குச் சொல்லாம சோலாரை மாட்டிக்கலாம், யாருக்குத் தெரியப்போகுது?" என்று யோசனை சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். நம்பாதீர்கள். அது சட்ட விரோதம் என்பது ஒரு பக்கம். நீங்களே கரண்ட் கொடுத்து, நீங்களே அதற்குப் பில் கட்டுகிற கூத்தும் நடக்கும்.

ஆகவே, சோலார் போடுகிற வீட்டில் பழைய மீட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்க முடியாது. மீட்டர் மாறித்தான் ஆக வேண்டும்.

இருவழி வேறு, ஸ்மார்ட் வேறு

இருவழி மீட்டரும் ஸ்மார்ட் மீட்டரும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. வரவு, செலவு இரண்டையும் தனியாக எண்ணினால் அது இருவழி மீட்டர். சோலார் வீட்டுக்கு இது கட்டாயம். ஸ்மார்ட் மீட்டர் இதற்கு மேல் ஒரு படி. ரீடிங்கைத் தானே அலுவலகத்துக்கு அனுப்பிவிடும். ஆள் வந்து பார்க்க வேண்டியதில்லை. எந்த மணி நேரத்தில் எவ்வளவு செலவு என்றும் எழுதி வைக்கும். அலுவலகத்தில் இருந்தபடியே கரண்டை நிறுத்தவும் முடியும்!

இதில் நமக்கு லாபம் இல்லையா? உண்டு.

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுப்பது பல்லாண்டு வழக்கம். ரீடிங் எடுக்கிறவர் நாலு நாள் தாமதமாக வந்தால் போச்சு! 500 யூனிட் எல்லையைத் தாண்டிவிடும். 2024 ஜூலை கட்டணப்படி, 500ல் இருந்து 501 ஆன அந்த ஒரே ஒரு யூனிட்டால் பில் 200 ரூபாய்க்கு மேல் கூடியது. எல்லை தாண்டினால் முந்தைய யூனிட்டுகளுக்கான சலுகையும் போய்விடும் என்பதுதான் காரணம். "அவர் லேட்டா வந்ததுக்கு நான் ஏன் சார் காசு கட்டணும்?" என்று எத்தனை பேர் புலம்பியிருப்பார்கள்!

ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் இந்தத் தகராறே வராது. குறித்த தேதியில், குறித்த நேரத்தில் ரீடிங் போய்விடும். மாதம் ஒரு முறை பில் என்று 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. வாக்குறுதி கொடுத்தது. ஸ்மார்ட் மீட்டர் வந்த பிறகு அது நடக்கும் என்று ஆட்சியில் இருந்தபோது பதில் வந்தது. சென்னை தி.நகர் பகுதியில் முன்னோட்டமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர்கள் பொருத்தப்பட்டன. சுமார் 82 லட்சம் மீட்டர்களுக்கான டெண்டர், விலை அதிகம் என்று 2024 டிசம்பரில் ரத்தானது.

பயம் ஏன்?

இவ்வளவு நல்லது இருந்தும் ஜனங்கள் ஏன் பயப்படுகிறார்கள்?

குஜராத்தில் வதோதரா நகரத்தில் 2024 மே மாதம் பொதுமக்கள் ஸ்மார்ட் மீட்டரை எதிர்த்துத் தெருவுக்கு வந்தார்கள். ரீசார்ஜ் போட்ட பணம் மளமளவென்று கரைகிறது என்பது அவர்கள் புகார். சரிபார்க்கப் பழைய மாதிரி மீட்டரையும் பக்கத்தில் மாட்டுகிறோம் என்று அரசு இறங்கி வந்தது.

புது மீட்டர் வேகமாக ஓடுகிறது என்ற புகாரில் ஒரு விஷயம் உண்டு. பழைய தட்டு மீட்டர் கிழடு தட்டினால், தேய்மானத்தால் மெதுவாகச் சுற்றும். செல்போன் சார்ஜர், அணைக்காமல் விட்ட டி.வி. போன்ற சின்னச் செலவுகள் அதன் கண்ணில் படாது. புது மீட்டர் அதையும் பிடித்துவிடும். ஆகவே புது மீட்டரில் யூனிட் கூடினாலே அது மோசடி என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் அதை ஜனங்களுக்குக் காட்ட வேண்டும் அல்லவா?

கடைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தராசுக்கும் குறித்த காலத்துக்கு ஒரு முறை தொழிலாளர் துறை முத்திரை வேண்டும். முத்திரை இல்லாவிட்டால் அபராதம். தராசு வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். கால் கிலோ பருப்பு விற்கிறவருக்கு இத்தனை கட்டுப்பாடு! ஒரு ஊருக்கே கரண்ட் விற்கிற நிறுவனம், "கணக்கு கம்ப்யூட்டரில் இருக்கிறது, நம்புங்கள்" என்று சொன்னால் போதுமா?

பழைய மீட்டரில் ரீடிங் எடுக்க வருகிறவர் வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுப் போவார். சந்தேகம் வந்தால் அட்டையையும் மீட்டரையும் ஒத்துப் பார்க்கலாம். அந்த வசதி புது மீட்டரிலும் இருந்தாக வேண்டும். இதில்தான் ஜனங்களின் நம்பிக்கை இருக்கிறது.

சட்டம் நம் பக்கம்

நல்ல வேளையாக, சட்டத்தில் சில பாதுகாப்புகள் உண்டு. பலருக்குத் தெரியாததால்தான் சொல்கிறோம்.

மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் ஒரு திருத்தம் வந்தது. ரீடிங் தவறு என்று புகார் கொடுத்தால், 5 நாளுக்குள் இன்னொரு மீட்டரைக் கூடுதலாகப் பொருத்த வேண்டும். குறைந்தது 3 மாதம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதே திருத்தத்தில் சோலாருக்கும் ஒரு சலுகை: 10 கிலோவாட் வரை சாத்தியக்கூறு ஆய்வு என்று இழுத்தடிக்கக் கூடாது.

2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 56வது பிரிவின்படி, பாக்கி வைத்தவருக்குக்கூட 15 நாள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்துத்தான் கரண்டை நிறுத்த முடியும். 47வது பிரிவின்படி, ப்ரீபெய்டு மீட்டர் வாங்கச் சம்மதிப்பவரிடம் டெபாசிட் கேட்கக் கூடாது.

ப்ரீபெய்டு வந்து, நடுராத்திரியில் பணம் தீர்ந்து, கைக்குழந்தை இருக்கிற வீட்டில் மின்விசிறி நின்றால், அந்த 15 நாள் எங்கே போனது? இதற்குப் பதில் சொல்லாமல் ப்ரீபெய்டு மீட்டரை மாட்டக் கூடாது.

பகல் விலை, இரவு விலை

சோலார் வீட்டுக்காரர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 2023 ஜூன் மாதம் மத்திய அரசு ஒரு விதி கொண்டு வந்தது. வெயில் நேரத்தில் கரண்ட் விலை சாதாரண விலையைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவு; உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் அதிகம்.

100 பைசாவுக்கு விற்கிற சரக்கு பகலில் 80 பைசா, உச்ச நேரத்தில் 110 பைசா என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் கொடுத்த 8 யூனிட்டுக்கும் இரவில் வாங்கிய 8 யூனிட்டுக்கும் இந்த விலையைப் போட்டால், யூனிட் நேர். பணம் நேர் இல்லை! தினமும் 2 ரூபாய் 40 பைசா துண்டு விழும்.

மின்வாரியத்தின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. நண்பகலில் எல்லா மாடியும் கரண்ட் கொடுக்கிறது. பொழுது சாய்ந்ததும் எல்லா வீடும் கரண்ட் கேட்கிறது. அதை எங்கிருந்தோ விலை கொடுத்து வாங்கித்தான் ஆக வேண்டும். அந்தச் செலவில் சோலார் வீடு ஒரு பங்கு கொடுப்பது தவறில்லை. ஆனால் கடன் வாங்கித் தகடு போட்டவரிடம், போட்ட பிறகு கணக்கை மாற்றுவது நியாயமில்லை. போடுவதற்கு முன்பே சொல்ல வேண்டும். சொன்னது சில ஆண்டுகளாவது நிற்க வேண்டும்.

செய்வார்களா?

அதிகாரிகளுக்கு நாம் வைக்கிற கோரிக்கை நான்குதான்.

ஒன்று: புது மீட்டர் மாட்டுகிற வீட்டில், யாராவது கேட்டால் மூன்று மாதம் பழைய மீட்டரும் பக்கத்தில் ஓடட்டும். புகார் வந்த பிறகு செய்வதை முதலிலேயே செய்தால் புகாரே வராது.

இரண்டு: வாங்கிய யூனிட், கொடுத்த யூனிட், மிச்சம் மூன்றையும் பில்லில் தமிழில் தனித்தனியாக அச்சடித்துக் கொடுங்கள். செல்போன் ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றால், செல்போன் இல்லாத தாத்தா எதில் பார்ப்பார்?

மூன்று: எச்சரிக்கை இல்லாமல், இரவு நேரத்தில், விடுமுறை நாளில் கரண்டை நிறுத்தக் கூடாது.

நான்கு: ஸ்மார்ட் மீட்டர் வந்த வீட்டுக்கு அந்த மாதத்தில் இருந்தே மாதாந்திர பில். லாபத்தில் பாதியை வாரியம் எடுத்துக்கொள்ளட்டும். மீதியை நமக்குக் கொடுக்கட்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. மீட்டர் மாற்ற ஆள் வருகிற அன்று, பழைய மீட்டரின் கடைசி ரீடிங்கையும் புது மீட்டரின் முதல் ரீடிங்கையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். சோலார் போட்டிருந்தால், வெளியே போகிற யூனிட்டைப் புது மீட்டர் தனியாகக் காட்டுகிறதா என்று ஒரு வெயில் மதியம் நின்று பாருங்கள். காட்டவில்லை என்றால் அன்றைக்கே எழுதிக் கொடுத்து, ரசீது வாங்குங்கள்.

தராசு எலெக்ட்ரானிக் ஆனபோது கடைக்கு வருகிறவர்கள் ஒப்புக்கொண்டார்கள். எண் தங்கள் பக்கமும் தெரிந்ததால் ஒப்புக்கொண்டார்கள். கரண்ட் தராசிலும் அது தெரியட்டும். ஜனங்களே கூப்பிட்டு மாட்டச் சொல்வார்கள்!

கவனிக்குமா மின்வாரியம்?