எழுபது வளைவு தாண்டி ஒரு கிக்-ஆஃப்!

உங்க காலேஜ் டீமோட கடைசியா ஆடின மேட்ச் ஞாபகம் இருக்கா? ஸ்கோர் மறந்திருக்கும். ஆனா யாரோட பேச்சை நிறுத்தினோம்ங்கறது மட்டும் பளிச்சுனு ஞாபகம் இருக்கும். இந்த வாரம் அந்த மேட்டர்தான்!

நான் டிப்ளமோ முடிச்சுட்டு லேட்டரல் என்ட்ரியில பி.இ. சேர்ந்தவன். பாலிடெக்னிக்ல மூணு வருஷமும் ஃபுட்பால்தான் மூச்சு. ஃபைனல் இயர்ல இன்டர்-பாலி செமி ஃபைனல். மறுவாரம் போர்டு எக்ஸாம். மார்க் குறைஞ்சா நல்ல காலேஜ்ல சீட் கிடைக்காதேனு பயம். 'காய்ச்சல்'னு ஒரு பொய்யைச் சொல்லிட்டு ரூம்ல உட்கார்ந்து படிச்சேன். மேட்ச் பெனால்டி ஷூட்-அவுட் வரைக்கும் போச்சு. அஞ்சாவது கிக் நான் அடிக்க வேண்டியது. எனக்குப் பதிலா எங்க லெஃப்ட் விங் அடிச்சான். பார்ல பட்டு வெளியே போச்சு. கதை முடிஞ்சுது.

எனக்கு சீட் கிடைச்சுது. அவன் படிப்பு முடிஞ்சதும் ஊருக்கே போய் அப்பாவோட மிளகுத் தோட்டத்தைப் பார்க்க ஆரம்பிச்சான். ரெண்டு வருஷம், ஒரு போன்கூட இல்லை. அவன் பண்ணலைனு நான் சொல்லிக்கிட்டேன். நிஜத்துல நான்தான் பண்ணலை.

இந்தப் பொங்கலுக்கு க்ரூப்ல அவனே மெசேஜ் போட்டான். 'எங்க ஊரு பசங்களோட மேட்ச். பழைய டீம் எல்லாரும் வாங்க.' ஊரு? கொல்லிமலை, தேவனூர் நாடு!

நாமக்கல்ல பஸ் ஏறினோம். காரவல்லி தாண்டினதும் 70 கொண்டை ஊசி வளைவு. நாப்பதாவது வளைவுல எங்க கோல்கீப்பர் ஜன்னல் சீட் கேட்டு அழ ஆரம்பிச்சுட்டான். கையில இருந்த சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பிடுச்சு. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையுதுல்ல, அதான். கீழே பம்ப் அடிச்சுக் கொண்டு போன பந்தும் மேலே போனதும் இன்னும் கொஞ்சம் 'கிண்'ணுனு ஆயிடுச்சு. ஆயிரம் மீட்டர் உயரத்துல காற்றோட அடர்த்தி பத்து சதவீதம் போலக் குறைவு. அதனால ஓங்கி உதைச்சா பந்து நாம நினைச்சதைத் தாண்டிப் போகும். நம்ம பாஸ் ஒண்ணுகூடச் சேர வேண்டிய இடத்துக்குச் சேரலை. ஒரே அம்புல யானை, புலி, மான், பன்றி, உடும்புனு அஞ்சையும் வீழ்த்தினதா புறநானூறு சொல்ற வல்வில் ஓரி ஆண்ட மலை பாஸ் இது. நாங்க அடிச்ச பந்து கோல் போஸ்ட்டைத் தவிர மத்த அஞ்சு இடத்துலயும் பட்டுச்சு!

வந்தது ஏழு பேர்தான். செவன்ஸ் ஆடலாம்னு முடிவாச்சு. பத்தாவது நிமிஷம் எனக்கு நாக்கு தள்ளிடுச்சு. மலை மேல பழிபோடலாம்னு பார்த்தேன். ஆனா 2007-ல ஃபிஃபா இன்டர்நேஷனல் மேட்ச் ஆடக்கூடாதுனு முதல்ல தடை போட்டதே 2,500 மீட்டருக்கு மேலதான். அடுத்த வருஷமே அதையும் நிறுத்தி வெச்சாங்க. கொல்லிமலை அதுல பாதி உயரம்தான். உண்மையான காரணம் ஹாஸ்டல் பரோட்டா! போதாததுக்கு ரெண்டு வருஷம் பரண்ல கிடந்த என் பூட்ஸோட சோல் வாயைப் பொளந்துடுச்சு. வெறுங்காலோட ஆடினேன்.

ஹாஃப் டைம். அவன்தான் தண்ணி பாட்டிலை நீட்டினான். இனி அடக்க முடியலை. "மாப்ள... அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லைடா."

"தெரியும்டா. உன் ரூம்மேட் அன்னைக்கு நைட்டே சொல்லிட்டான்."

"அப்புறம் ஏன்டா கேட்கலை?"

"நீயா சொல்வேனு பார்த்தேன். சரி, செகண்ட் ஹாஃப்ல பேக்ல நில்லு. உன்னால ஓட முடியலை."

அவ்வளவுதான். கட்டிப்பிடிக்கலை, கண்ணீர் விடலை. 5-2-ல தோத்தோம். அந்த ரெண்டு கோல்ல ஒண்ணு அவனோடது. அதுக்குப் பந்தை எடுத்துக் கொடுத்தது நான். பழைய மாதிரியே அவன் எங்கே ஓடுவான்னு பார்க்காமலே தெரிஞ்சுது. அவங்க வீட்ல சாமைச் சோறும் மரவள்ளிக் கிழங்கும். "போன வருஷமே வந்திருக்கலாமே தம்பி"னு அவங்க அம்மா கேட்டப்போ, கிழங்கு தொண்டையில சிக்கிக்கிச்சு.

'படிப்பா, பந்தா?'னு நான் அன்னைக்கு மண்டையை உடைச்சுக்கிட்டேன்ல... அதே கேள்வி நம்மளைவிடப் பெரிய ஆளுங்களுக்கும் வந்திருக்கு. நாகா மலையில பிறந்த டி.ஆவோ டாக்டராகணும்ங்கறது அவங்க அப்பா ஆசை. அதுக்காகக் கல்கத்தா வந்து மெடிக்கல் படிச்சார். கௌகாத்தி காட்டன் கல்லூரிக் காலத்து நண்பர் சரத் தாஸ் மூலமா மோகன் பகான் கிளப்புக்கு அறிமுகமாகி, பழைய நண்பரோடவே ஆடினார். படிப்பையும் விடலை. 1948 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல சுதந்திர இந்தியாவோட ஃபுட்பால் கேப்டன் அவர்தான்! டாக்டராகி, ஊருக்குத் திரும்பி மக்களுக்கு வைத்தியமும் பார்த்தார்.

அந்த டீம்ல பெரும்பாலானவங்க என்னை மாதிரி வெறுங்கால் பார்ட்டிங்க. ஆனா சோல் கிழிஞ்சதால இல்லை! ஃபிரான்ஸ்கிட்ட 2-1-னு தோத்தாங்க. கோல் அடிச்சது சாரங்கபாணி ராமன். கிடைச்ச ரெண்டு பெனால்டியும் வேஸ்ட். அதுல ஒண்ணை மிஸ் பண்ணினவர் சைலன் மன்னா. அவரை யாரும் ஒதுக்கிடலை. 1951 டெல்லி ஆசிய விளையாட்டுல இந்தியா தங்கம் ஜெயிச்சப்போ கேப்டனே அவர்தான்!

பெனால்டியை மிஸ் பண்ணினவனை டீம் மறந்துடும் ஃப்ரெண்ட்ஸ். மேட்சுக்கே வராதவன்தான் தன்னைத்தானே டீம்ல இருந்து தூக்கிக்கிறான். எனக்கு அது புரிய ரெண்டு வருஷமும் எழுபது வளைவும் தேவைப்பட்டுது. உங்களுக்கு ஒரு போன் கால் போதும்.

பஸ் ஏறும்போது என் பையில ஒரு பொட்டலம் மிளகைத் திணிச்சுட்டு அவன் சொன்னான்: "அடுத்த பொங்கலுக்கு நல்ல பூட்ஸோட வா."

வாங்கிட்டேன். பூட்ஸை இல்லை, காலையில அஞ்சு மணிக்கு அடிக்கிற அலாரம் கிளாக்கை. முதல்ல ஓடிப் பழகணும்ல!