கப்பல்ல போற மசாலாவுக்கு டெஸ்ட் கட்டாயம். நம்ம அடுப்படிக்கு வர்ற மசாலாவுக்கு?

தோழர்களே, கொஞ்சம் டெக்னிக்கலான பதிவு. ஸ்க்ரோல் பண்ணிப் போயிடாதீங்க, உங்க வீட்டு சாம்பார் சம்பந்தப்பட்டது.

2024 ஏப்ரல் 5. நம்ம நாட்டு மசாலா வகை நாலில் எத்திலீன் ஆக்சைடு இருக்குன்னு சொல்லி விற்பனையை நிறுத்தச் சொன்னது ஹாங்காங் உணவுப் பாதுகாப்பு மையம். எம்.டி.ஹெச். மெட்ராஸ் கறி பவுடர், சாம்பார் மசாலா, மிக்ஸட் மசாலா, அப்புறம் எவரெஸ்ட் மீன் குழம்பு மசாலா. சில நாளில் சிங்கப்பூரும் அந்த எவரெஸ்ட் மசாலாவைத் திரும்பப் பெறச் சொன்னது. நிறுவனங்கள் மறுத்தன. இருக்கட்டும். 'மெட்ராஸ்'னு பேர் போட்ட பொடிக்குள்ள என்ன இருக்குன்னு நமக்கு ஹாங்காங்காரன் வந்துதான் சொல்லணுமா?

எத்திலீன் ஆக்சைடு ஒரு வாயு. மசாலாவில் சால்மோனெல்லா மாதிரி கிருமிகளைக் கொல்ல அடிப்பார்கள். மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியான பொருட்களின் பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை வைத்திருக்கிறது.

சூட்சுமம் இங்கேதான். இந்த வாயு சும்மா விட்டாலே பறந்துடும். ஆனால் ஒரு பகுதி, உணவில் இருக்கும் குளோரைடோடு சேர்ந்து 2-குளோரோஎத்தனாலாக மாறி அங்கேயே தங்கிவிடும். வாயுவை மட்டும் தேடினால் ரிப்போர்ட் சுத்தமா வரும், பாக்கெட் சுத்தமா இருக்காது. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் இரண்டையும் கூட்டிக் கணக்குப் போடுது. 2020-லேயே நம்ம எள்ளில் இந்தப் பிரச்சினையை அவங்க பிடிச்சாங்க. அப்பவே மணி அடிச்சாச்சு.

கண்டுபிடிக்கிற மெஷின் புதுசும் இல்ல. கேஸ் குரோமட்டோகிராஃபியோட மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். மாதிரியை ஆவியாக்கி மெல்லிய நீளக் குழாய்க்குள்ள ஓட்டினா, ஒவ்வொரு ரசாயனமும் தனக்குன்னு ஒரு நேரத்துல வெளியே வரும். அதை உடைச்சு துண்டுகளை எடை போட்டா, கைரேகை மாதிரி ஆள் மாட்டிக்கும்.

சரி, ஒன்றிய அரசு என்ன செய்தது? அந்த இரண்டு நிறுவனங்களில் 34 மாதிரி எடுத்தோம், வந்த 28 ரிப்போர்ட்டில் எத்திலீன் ஆக்சைடு இல்லைன்னு மே மாதம் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரப்பிலிருந்து செய்தி வந்தது. நல்லது. அந்த 28 ரிப்போர்ட்டையும் பேட்ச் நம்பரோட பொதுவெளியில் வைங்க. 2-குளோரோஎத்தனாலைத் தேடினீங்களா? எவ்வளவு குறைந்த அளவு வரை அந்த முறை பிடிக்கும்? இரண்டே கேள்விதான்.

அதே மே மாதம் மசாலா வாரியம், ஹாங்காங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகிற சரக்குக்கு எத்திலீன் ஆக்சைடு சோதனையைக் கட்டாயமாக்கியது. அப்போ சோதிக்க முடியும், லேப் இருக்கு, ஆள் இருக்கு! தூத்துக்குடியில் கப்பல் ஏறும் மூட்டைக்குக் கிடைக்கும் மரியாதை தூத்துக்குடி மளிகைக் கடைப் பாக்கெட்டுக்குக் கிடையாதா?

இதைவிட வேடிக்கை, ஹாங்காங் அறிவிப்பு வந்த மூணாவது நாள், ஏப்ரல் 8-ல் நடந்தது. நம்ம நாட்டில் தனி வரம்பு நிர்ணயிக்காத பூச்சிக்கொல்லிகளுக்கு மசாலாவில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்று இருந்த எச்ச அளவை 0.1 ஆக்கி உத்தரவு. பத்து மடங்கு! பேப்பரில் ஒரு புள்ளியை நகர்த்தினால் நேற்று ஃபெயில் ஆன மாதிரி இன்னைக்கு பாஸ்.

மே முதல் ஜூலை தொடக்கம் வரை நாடு முழுக்க சோதித்த 4,054 மசாலா மாதிரிகளில் 474 தரத்திலோ பாதுகாப்பிலோ தேறவில்லை. இது நம்ம கணக்கு இல்ல, ராய்ட்டர்ஸ் ஆர்.டி.ஐ. போட்டு வாங்கிய பதில். எந்த பிராண்ட் எத்தனைன்னு கேட்டதற்கு அந்த விவரம் கைவசம் இல்லையாம்.

இப்போ அவங்க ஐ.டி. விங் கமெண்டுக்கு வரும். "அமெரிக்காவில் 7 பி.பி.எம். வரை அனுமதி இருக்கே?" இருக்கு. கிருமி நீக்க நீராவி முறையும் இருக்கு, அதை ஏன் கட்டாயமாக்கலன்னு முதல்ல சொல்லுங்க. "மாதிரி எடுப்பது மாநில அதிகாரி வேலைதானே?" ஆமா, அந்தப் பொறுப்பை மறுக்கல. ஆனா அளவை எழுதுகிற பேனா டெல்லியில் இருக்கு.

நாம கேட்பது: ஏற்றுமதிக்கு இருக்கிற அதே சோதனை உள்ளூர் விற்பனைக்கும். ரிப்போர்ட் பேட்ச் வாரியா இணையத்தில். இதை உங்க ஃபேமிலி குரூப்ல போடுங்க, சமைக்கிறவங்க கண்ணில் படட்டும்.

#மசாலா_ரிப்போர்ட்_எங்கே