மாத்திரை அல்ல, களிம்பு

1918-இல் நம் குன்னூரில் தொடங்கி, 1958-இல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். வெயில் கொளுத்தும் அந்த ஊரிலேயே முதியவர்கள் பலருக்கு வைட்டமின் டி போதவில்லை என்று அதன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இதைக் கேட்டு, தங்கள் நோய்க்கும் அந்தக் குறைதான் காரணம் என்று எண்ணி, சொரியாசிஸ் என்னும் தோல்நோய் உள்ளவர்கள் வைட்டமின் மாத்திரையைத் தேடுவது வீண் அலைச்சல். உதவுவது வைட்டமின் டி-யின் சாயலில் உருவான கால்சிபோட்ரியால் களிம்பு. அது உடலின் பற்றாக்குறையைத் தீர்க்க வந்ததல்ல. ஒரு மாதம் எடுக்க வேண்டிய தோல் செல்களின் வளர்ச்சி, இந்நோயில் சில நாட்களிலேயே முடிந்து செதில் செதிலாகக் குவிகிறது. களிம்பு அந்த அவசரத்தைத் தணிக்கிறது. வழி தெரிந்ததே தற்செயல்தான்: எலும்பு நோய்க்கு வைட்டமின் டி வகை மருந்து சாப்பிட்ட ஜப்பானியர் ஒருவருக்குச் சொரியாசிஸும் மறைந்ததை 1985-இல் மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் பொறுமையிழந்து மருந்துக்கடையில் சீட்டில்லாமல் ஸ்டீராய்டு கிரீம் கேட்கிறோம்; 2018-இல் அரசு கட்டுப்பாட்டை இறுக்கியும் கேட்டால் கிடைக்கிறது. மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலியும், நிறுத்தினால் நோய் சீறித் திரும்பும். மருத்துவர் கால்சிபோட்ரியாலையும் ஸ்டீராய்டையும் அளவோடு சேர்த்துத் தருவது வேறு விஷயம். கால்சிபோட்ரியாலுக்கும் வரம்புண்டு: பெரியவர்களுக்கு வாரம் 100 கிராமைத் தாண்டக் கூடாது, சாலிசிலிக் அமிலத்தோடு கலந்தால் செயலிழக்கும். இதையெல்லாம் சொல்லித்தர அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் ஓர் ஆள் வேண்டும். களிம்பும் அங்கேயே இலவசமாகக் கிடைக்க வேண்டும்.