கடல் தெரியும் அறை யாருக்கு?

கன்னியாகுமரிக்குப் போய் வந்த குடும்பத்தைப் பார்த்ததும் பக்கத்து வீட்டார் முதலில் என்ன கேட்பார்கள்? "சூரிய உதயம் பார்த்தீர்களா?" என்றுதான் கேட்பார்கள். அம்மன் தரிசனம், படகுப் பயணம், சங்கு வாங்கியது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அங்கே பார்க்க வேண்டியவை நிறைய உண்டு. 1970-ம் ஆண்டு திறக்கப்பட்ட விவேகானந்தர் பாறை மண்டபம் இருக்கிறது. 2000-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி திறக்கப்பட்ட 133 அடி உயர வள்ளுவர் சிலை இருக்கிறது. ஆனாலும், கடலுக்குள் இருந்து சிவந்த பந்து போலச் சூரியன் கிளம்பும் காட்சிக்கு ஈடு எது?

இந்தக் காட்சியை வைத்து அந்த ஊரில் ஒரு வியாபாரமும் நடக்கிறது. சாதாரண அறைக்கு ஒரு வாடகை. "கடல் பார்த்த அறை" என்றால் அதற்கு மேல் ஒரு வாடகை. இதில் தவறு ஒன்றும் இல்லை. நல்ல பொருளுக்கு நல்ல விலை கேட்பது உலக வழக்கம்தான்.

ஆனால், பொருள் நல்லதுதானா என்று பார்க்க வேண்டாமா? சந்தையில் கத்தரிக்காயைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து வாங்குகிறவர்கள், அறையை மட்டும் பெயரைக் கேட்டதும் எடுத்துவிடுகிறார்கள்! முன்பணத்தையும் கட்டிவிடுகிறார்கள்.

எட்டிப் பார்த்தால் கடல்!

"கடல் தெரியும்" என்ற சொல்லுக்குப் பல அர்த்தங்கள் உண்டு. கட்டிலில் உட்கார்ந்தபடியே கடல் தெரியும் அறையும் கடல் தெரியும் அறைதான். பால்கனியின் ஓரத்துக்குப் போய், கழுத்தை வளைத்து, இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே பார்த்தால் ஒரு சாண் நீலம் தெரிகிற அறையும் கடல் தெரியும் அறைதான். இரண்டுக்கும் ஒரே வாடகை வாங்கும்போதுதான் வம்பு வருகிறது.

படத்தைப் பார்த்து நம்புகிறவர்களும் உண்டு. படம் எடுத்த ஆண்டு எது? அதற்குப் பிறகு முன்னால் வேறு ஒரு லாட்ஜ் எழுந்திருக்கிறதா? படம் எடுத்தது இந்த அறையிலா, மொட்டை மாடியிலா? இதையெல்லாம் படம் சொல்லாது. மனிதரைத்தான் கேட்க வேண்டும்.

சேலத்தில் இருந்து ஒருவர் டெலிபோனில் இப்படிக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்:

"கடல் தெரியுமா, ஸார்?"

"நல்லாத் தெரியும், ஸார்."

"கட்டிலில் உட்கார்ந்தால் தெரியுமா?"

"பால்கனியில் நின்றால் தெரியும்."

"ஜன்னல் எந்தத் திசை?"

"தெற்கு, ஸார்."

"ஜூன் மாதம் வருகிறோம். சூரிய உதயம் தெரியுமா?"

"அது... மொட்டை மாடிக்குப் போனால் தெரியும், ஸார்!"

மானேஜர் பொய் சொல்லவில்லை. கேட்கக் கேட்கத்தான் உண்மை வெளியே வந்தது. நாலு கேள்வியில் வாடகைப் பணம் மிச்சம்!

சூரியன் இடம் மாறும்

சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று ஒன்றாம் வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். அது முழு உண்மை ஆகாது. சரியாகக் கிழக்கே உதிப்பது மார்ச் 21-ந் தேதியை ஒட்டியும் செப்டம்பர் 23-ந் தேதியை ஒட்டியும்தான். மற்ற நாட்களில் வடக்கேயோ தெற்கேயோ விலகி உதிக்கும். ஜூன் கடைசி வாக்கில், கிழக்கில் இருந்து ஏறக்குறைய இருபத்து மூன்றரை டிகிரி வடக்கே விலகும். டிசம்பர் கடைசி வாக்கில் அதே அளவு தெற்கே போய்விடும்.

இது எவ்வளவு தூரம்? கையை நேராக நீட்டி, விரல்களை மடக்கி, முஷ்டியைக் கண்ணுக்கு எதிரே பிடித்துப் பார்க்கலாம். அந்த முஷ்டியின் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. ஆக, ஜூன் உதயத்துக்கும் டிசம்பர் உதயத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட ஐந்து முஷ்டி இடைவெளி இருக்கிறது! ஒரு சிறிய ஜன்னலுக்கு இது பெரிய இடைவெளி. மைத்துனர் ஜூனில் போய்ப் பார்த்துப் புகழ்ந்த அதே அறையில், டிசம்பரில் போகிறவருக்குப் பக்கத்துக் கட்டிடத்துச் சுவர் மட்டும் தெரியக்கூடும்.

அஸ்தமனத்தில் இன்னொரு சிக்கல். கன்னியாகுமரியில் சூரியன் கடலில் மறைவதை ஆண்டு முழுவதும் பார்க்க முடியாது. ஏறக்குறைய அக்டோபர் நடுவில் இருந்து மார்ச் நடு வரைதான் கடலில் மறையும். மற்ற மாதங்களில் நிலத்தின் பக்கம் போய் மறைந்துவிடும். ஆகவே மே மாதம் லீவில் போகிறவர்கள், "அஸ்தமனம் தெரியும் அறை" என்று கூடுதல் பணம் கட்டுவதில் அர்த்தம் இல்லை. சித்ரா பவுர்ணமி அன்று ஒரு விசேஷம். மேற்கே சூரியன் இறங்கும் நேரத்திலேயே கிழக்கே முழு நிலா ஏறும். இரண்டையும் பார்க்கக் கடற்கரையில் கூட்டம் கூடிவிடும். அன்று அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் நஷ்டம்.

மேகம் வந்து மறைத்துக்கொண்டால்? அதற்கு எந்த மானேஜரும் பொறுப்பாக முடியாது.

கால் இருந்தால் காட்சி இலவசம்

உதயத்தைக் கரையில் நின்று பார்க்கக் காசு வேண்டாம். ஊர் சிறியது. பெரும்பாலான லாட்ஜுகளில் இருந்து சிறிது தூரம் நடந்தால் கடற்கரை வந்துவிடும். விடியும் முன்பே அங்கே கூட்டம் நிற்கும். காப்பி விற்பவரும் நிற்பார். உயரமான மாடியில் இருந்து பார்த்தால் முன்கூட்டியே தெரியும் என்று சிலர் நினைக்கிறார்கள். இரண்டு மாடி மேலே ஏறினால் உதயம் சில விநாடிகள்தான் முந்தும். அதற்காகவா வாடகையை ஏற்றிக் கொடுப்பது?

நல்ல கால் உள்ளவர்களுக்குக் கடல் பார்த்த அறை அவசியமே இல்லை. அது உண்மையில் யாருக்கு வேண்டும்? முழங்கால் வலியால் நடக்க முடியாத பாட்டிக்கு வேண்டும். பக்கவாதம் வந்து ஒரு கை ஒரு கால் விழுந்த தகப்பனாருக்கு வேண்டும். மடியில் கைக்குழந்தையோடு வந்திருக்கும் பெண்ணுக்கு வேண்டும். இவர்களுக்கு அந்த ஜன்னல்தான் கன்னியாகுமரி.

ஆனால் நடப்பது என்ன? இரண்டு அறை எடுத்தால், ஜன்னல் அறைக்குள் பிள்ளைகள் பெட்டியை வைத்துவிடுகிறார்கள். பாட்டிக்குப் பின்பக்கத்து அறை. "பாட்டி தூங்கத்தானே போறாங்க!" என்று ஒரு சமாதானம். காலையில் எல்லோரும் கரைக்கு ஓடிவிடுகிறார்கள். கூடுதல் வாடகை கொடுத்த அறை பூட்டிக் கிடக்கிறது. பாட்டியோ பின்னறையில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறார். பல மணி நேரம் பஸ்ஸில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவர் வந்தது அந்தச் சுவரைப் பார்க்கவா? இது அநியாயம் அல்லவா?

பெரியவர்களுக்கு அறை எடுக்கும்போது வேறு கேள்விகளும் கேட்க வேண்டும். லிப்ட் இருக்கிறதா? மின்சாரம் போனால் ஓடுமா? ஓடாது என்றால், நான்காவது மாடியின் பெரிய காட்சியைவிட முதல் மாடியின் சிறிய காட்சியே மேல். ஜன்னலின் அடிக்கட்டை எவ்வளவு உயரம்? நிற்கும்போது தெரிகிற கடல், உட்கார்ந்ததும் மறைந்துவிடும் அறைகள் உண்டு. கூடவே சின்னக் குழந்தைகள் இருந்தால், பால்கனிச் சுவர் ஓரம் நாற்காலியைப் போட்டு வைக்கக்கூடாது. ஏறி எட்டிப் பார்க்கும் வயது அது.

ரசீதில் எழுதி வாங்கலாம்

பணம் கட்டும் முன் அறையைத் திறந்து காட்டச் சொல்வதில் வெட்கம் எதற்கு? காட்ட மறுத்தால் அதுவே பதில். ரசீதில் அறை எண்ணையும், "கடல் பார்த்த அறை" என்பதையும் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. ஒன்றைச் சொல்லி மற்றொன்றைக் கொடுத்தால் கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். அதற்கு முன்பு 1915 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தும் முறையிடலாம்.

லாட்ஜ்காரர்களுக்கும் இதில் கடமை உண்டு. எந்த அறையில் எந்த மாதம் உதயம் தெரியும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதை வாடகைப் பட்டியலிலேயே எழுதி மாட்டினால் என்ன குறைந்துவிடும்? நடக்க முடியாதவர்கள் வந்தால், கீழ்மாடியில் கடல் பார்த்த அறை ஒன்றை அவர்களுக்கு முதலில் கொடுக்கலாமே! கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலை பக்தர்கள் கூட்டம் மோதும்போது இது கஷ்டம்தான். மற்ற மாதங்களில் முடியாதா?

உதய நேரமும் மாதத்துக்கு மாதம் மாறும். மே மாதக் கடைசியில் காலை 6 மணி வாக்கில் சூரியன் தலை காட்டும். ஜனவரிக் கடைசியில் 6.40 ஆகிவிடும். முதல் நாள் இரவே மானேஜரிடம் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, பாட்டியின் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டுப் படுக்கலாம்.