வைக்கோற் சுவரும் மலை வீடும்

குறிஞ்சி நில மக்கள் புல் வேய்ந்த குரம்பைகளில் வாழ்ந்தமையைச் சங்க இலக்கியம் காட்டுகிறது. அதே குறிஞ்சி நிலமாகிய பழனி மலைத்தொடரில், ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில், இன்று நாம் காண்பன சிமெண்டுக் கட்டடங்களே. இவை மலைக்கு ஏற்றவைதாமா என எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகும்.

சிமெண்டுச் சுவர் வீட்டின் வெம்மையை விரைவில் வெளியே விட்டுவிடும். மார்கழிக் குளிரைத் தாங்க விறகு எரிக்கிறோம். அதன் சுமை காட்டின் மீதே விழுகிறது.

இதற்கு மாற்றாகச் சொல்லப்படுவது வைக்கோற் சுவர். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், மரம் அரிதான மணற்குன்றுகளில் குடியேறியோர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், இயந்திரத்தால் இறுக்கிய வைக்கோற் கட்டுகளைச் செங்கல்போல் அடுக்கி வீடு கட்டினர். அங்கு ஆர்தர் என்னும் ஊரில் 1928இல் அவ்வாறு எழுப்பிய தேவாலயம் இன்றும் நிற்கிறது.

வைக்கோல் என்றதும் தீயும் எலியும் நினைவுக்கு வரும். இறுக்கிய கட்டினுள் காற்றுக்கு இடம் குறைவு. இருபுறமும் கனமாக மண்ணோ சுண்ணாம்போ பூசினால் தீ எளிதில் பற்றாது, எலியும் புகாது. உண்மையான பகை ஈரமே. இரு பருவமழையும் பெறும் கொடைக்கானலில், கல் அடித்தளமும் அகன்ற இறவாரமும் இன்றேல் சுவர் மட்கிவிடும். சிமெண்டுப் பூச்சோ ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும்.

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007), ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருள்களால் வீடு கட்டவேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்தைத் தம் நெறியாகக் கொண்டவர். அவ்வளவுகோலில் வைக்கோலும் முழுமையாகத் தேறாது. கொடைக்கானலைச் சுற்றி மிகுதியாக விளைவன காய்கறியும் பூண்டுமே. நெல்வயல்கள் நிறைந்த பழனி அடிவாரம் சாலை வழியே 60 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. மேலும், வைக்கோல் மாட்டின் உணவு. வறட்சிக் காலத்தில் அதைச் சுவருக்குள் அடைப்பது அறமாகாது.

ஆயினும், சிமெண்டும் இரும்பும் சமவெளியிலிருந்துதானே மலையேறுகின்றன? ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி இறக்கிய லாரி, திரும்பும்போது உபரி வைக்கோலை ஏற்றி வரலாம். சட்டகத்துக்கு, சோலைப் புல்வெளிகளை விழுங்கிவரும் அயல் மரமான சீகையை, வனத்துறையின் இசைவுடன் வெட்டிப் பயன்படுத்தலாம். வீடும் எழும், புல்வெளி மீளவும் வழி பிறக்கும். புல்வெளியும் சோலையும் காக்கும் நீரே சமவெளி வயல்களுக்கு ஓடையாய் இறங்குகிறது என்பதை மறத்தலாகாது.

ஊர் முழுவதும் உடனே மாறவேண்டும் என்பது என் வாதமன்று. பொறியியல் பயிலும் மாணவரும் மண்சுவர் அறிந்த மலையூர் முதியவரும் கூடி ஒரு சிறு கட்டடத்தை எழுப்பட்டும். இரண்டு மழைக்காலம் அதனைச் சோதிக்கட்டும். மண்ணும் வைக்கோலும் வறுமையின் அடையாளம் என்னும் எண்ணத்தை மாற்ற, உறுதியாய் நிற்கும் ஒரு வீடு போதும்.