விமானிக்குப் பொய் எதிரி, பட்டாசுத் தொழிலாளிக்கு?

சுட்டு வீழ்த்தப்பட்ட விமானி எழுந்து டீ குடிக்கப் போகிறார்.

கதை அல்ல. சிமுலேட்டர் என்ற பயிற்சி எந்திரத்தில் நடப்பதுதான் இது.

திரையில் வானம். எதிரே பகை விமானம். அதை ஓட்ட ஆள் கிடையாது, கம்ப்யூட்டரே ஓட்டுகிறது. விமானி தப்பு செய்தால் சுட்டுத் தள்ளுகிறது. உயிருக்குச் சேதமில்லை. மறுபடி முதலில் இருந்து!

5-க்கு 5

2020 ஆகஸ்டில் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான 'டார்பா' ஒரு போட்டி வைத்தது. ஒரு பக்கம் அனுபவமுள்ள எப்-16 விமானி. மறுபக்கம் ஹெரான் சிஸ்டம்ஸ் கம்பெனியின் கம்ப்யூட்டர். மொத்தம் 5 சுற்று. ஐந்திலும் கம்ப்யூட்டரே ஜெயித்தது!

பழைய கம்ப்யூட்டர் எதிரி, எழுதிக் கொடுத்த பாடத்தைத்தான் ஒப்பிக்கும். நாலு நாளில் அதன் தந்திரம் விமானிக்கு மனப்பாடம் ஆகிவிடும். இதுவோ திரும்பத் திரும்ப மோதி, தானே கற்றுக்கொண்டது. பயம் கிடையாது. நேருக்கு நேர் பாய்ந்து வந்து சுட்டது.

விமானி எங்கே இருக்கிறார் என்பது அதற்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. நிஜ வானத்தில் அந்த வசதி இல்லை. ஆனாலும் பயிற்சிக்கு இப்படிப்பட்ட எதிரிதான் தேவை.

நம்ம ஊருக்கு என்ன?

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் மருந்து அறைக்குள் போகிறவருக்கும் ஓர் எதிரி உண்டு. அதன் பெயர் வெடிப்பு.

அது சொல்லிக்கொண்டு வராது. மருந்தைச் சலிக்கும்போது கை அழுத்தினால் வரும். கலந்த மருந்தை மீதம் வைத்தால், நீர்த்துப்போய் மறுநாள் வரும். இங்கே முதல் தப்பே கடைசித் தப்பு!

2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் பலி. 2021 பிப்ரவரி 12-ந் தேதி அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் பலி.

பாதுகாப்பு வகுப்பு நடத்தினால் மட்டும் போதுமா? வகுப்பில் தப்பு செய்து பார்க்க முடியாதே!

கண்ணில் மாட்டும் திரை போதும். 2020 போட்டியில் அந்த விமானி மாட்டியிருந்ததும் அதுதான். அதற்குள் ஒரு மருந்து அறை. கம்ப்யூட்டர் தினம் ஒரு ஆபத்தை ஒளித்து வைக்கட்டும். ஒரு நாள் ஈர மருந்து. ஒரு நாள் அவசரப்படுத்தும் போர்மேன். தொழிலாளி தவறினால் திரை மட்டும் வெடிக்கட்டும்.

விதியை மீறி ஆள் அடைக்கிற ஆலைக்கு இது பரிகாரம் ஆகாது. அதற்குச் சட்டம்தான் மருந்து.

பொய்யாகச் செத்துப் பழகும் வாய்ப்பு விமானிக்குக் கிடைக்கிறது. மருந்து அறைக்குப் போகிறவருக்கும் அது கிடைக்க வேண்டும். அரசும் ஆலை அதிபர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசட்டும்.

அடுத்த விபத்துக்குப் பிறகு அல்ல, முன்னால்!